கூட்டல் குறிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி

எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இருந்ததே இல்லை. ஆள் பார்த்து, நேரம் பார்த்து, கொஞ்சம் சத்தமாகவே சொல்வேன். சைதாப்பேட்டையில் பிறந்து, தி.நகரில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் சிறுநீர் பாட்டில் கழுவியவன், இன்றைக்கு மேற்கு மாம்பலத்தில் ஒன்று, அடையாறில் ஒன்று என இரண்டு லேப் வைத்திருக்கிறேன் என்றால் சும்மாவா? ரத்தம் எடுப்பதைப் பார்த்துப் பார்த்தே பழகினேன். அழுகிற குழந்தையின் கையில் வலிக்காமல் ஊசி இறக்க என்னை விட்டால் இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. பட்டம் வாங்கினவர்கள் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். அதையும் சொல்லியிருக்கிறேன், அவர்கள் காதில் விழும்படியே.

இதிலெல்லாம் பெரிய பெருமை ஒன்று உண்டு. எந்த டாக்டர் எப்படிக் கிறுக்கினாலும் நான் படித்துவிடுவேன் என்பது. பக்கத்து மருந்துக்கடைக்காரரே சில சமயம் சீட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார். உண்மை என்னவென்றால், டெஸ்ட் பெயர்களை நான் படிப்பதில்லை. தெரிந்தவர் முகத்தைத் தெருவில் அடையாளம் கண்டுகொள்வது போல அவற்றின் உருவத்தைக் கண்டுகொள்வேன். சர்க்கரைக்கு ஒரு முகம், தைராய்டுக்கு ஒரு முகம். அதற்குக் கீழே டாக்டர் ஒரு வரி ஆங்கிலத்தில் கோத்து எழுதியிருந்தால் எனக்கு ஒன்றும் புரியாது. புரியாது என்பது யாருக்கும் தெரியாது. கண்ணாடியை மூக்கில் ஏற்றி, “ம்” என்று தலையை ஆட்டி, சீட்டைக் கம்பியில் குத்திவிடுவேன். இத்தனை வருடமும் அப்படியே ஓடிற்று.

அந்தச் சீட்டு அடையாறில் இருக்கும் ஒரு மகப்பேறு டாக்டரம்மாவிடமிருந்து மாம்பலம் லேபுக்கு வந்தது. கொண்டுவந்தது ஒரு மாமியாரும் மருமகளும். தெற்கேயிருந்து வந்து தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பம். கல்யாணமாகி மூன்று வருடம், இன்னும் குழந்தை இல்லை, டாக்டரம்மா ஒவ்வொரு டெஸ்ட்டாக எழுதிக்கொண்டிருக்கிறார். இதெல்லாம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டது இல்லை. மாமியார் நாற்காலியில் உட்காருவதற்குள் சொல்லி முடித்துவிட்டார். மருமகள் சுவரோரம் நின்று, செருப்பு நுனியால் தரையில் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும்.

மாமியார் பையிலிருந்து மூடி போட்ட இரண்டு சின்னக் குழாய்களை எடுத்து வைத்தார். உள்ளே பஞ்சு சுற்றிய குச்சிகள். டாக்டரம்மா அங்கேயே எடுத்துக் கொடுத்தது.

“ஒரே டெஸ்ட்டுன்னு சொன்னாவ. எதுக்கு அண்ணாச்சி ரெண்டு?” என்று கேட்டார்.

சீட்டைப் பார்த்தேன். மேலே கிளமிடியா என்று இருந்தது. அந்த முகம் எனக்குத் தெரியும். கீழே இரண்டு வரி சாய்ந்த எழுத்தில் ஏதோ இருந்தது. “ம்” என்று தலையாட்டினேன்.

“ஒண்ணு கொட்டிப்போச்சுன்னா இன்னொண்ணு இருக்கட்டும்னு குடுப்பாங்கம்மா. டாக்டருங்க முன்ஜாக்கிரதை” என்றேன்.

“நல்லா வெவரமாச் சொல்லுதிய” என்றார் அவர். எனக்கும் அது வெவரமாகத்தான் பட்டது.

ரசீதை மாமியார் வாங்கித் தன் பர்சில் வைத்துக்கொண்டார். யார் ரசீதைக் கொண்டுவருகிறார்களோ அவர்கள் கையில் ரிப்போர்ட்டைக் கொடுத்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அப்பாவுக்குப் பிள்ளை வருவான், மனைவிக்குக் கணவன் வருவான், சில சமயம் வாட்ச்மேன் வருவார். போனில் அனுப்பலாம் என்று எங்கள் டெக்னீஷியன் பெண் பலமுறை சொல்லிவிட்டாள். தாளாகக் கையில் கொடுத்தால்தான் மரியாதை என்பது என் கட்சி. சொன்ன மணிக்குக் கொடுக்க வேண்டும் என்பது அதைவிடப் பெரிய கட்சி. “நாளைக்கு நாலு மணி. நாலு மணின்னா நாலு மணி” என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் மத்தியானம் டெக்னீஷியன் டெஸ்ட்டைப் போட்டாள். வடபழனிப் பெண், கெட்டிக்காரி, வாய் கொஞ்சம் நீளம். எங்களிடம் இருந்தது கார்டு டெஸ்ட். ஒரு கோடு வந்தால் இல்லை, இரண்டு கோடு வந்தால் உண்டு. அவள் கார்டை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள், டியூப்லைட் பக்கம் பிடித்தாள்.

“இன்னாம்மா, நகை வாங்கற மாதிரி பாத்துக்கினு கீற?” என்றேன்.

“ரெண்டாவது கோடு வந்த மாதிரியும் கீது, வராத மாதிரியும் கீது சார். மேடம் வந்து பாக்கட்டும். அந்த இன்னொரு குழாயை ஃப்ரிட்ஜ்ல வெச்சிருக்கேன்.”

ரிஜிஸ்டரில் எழுதிவிட்டு, கோடம்பாக்கத்தில் நடக்க முடியாத ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுக்கக் கிளம்பிப் போனாள். மேடம் என்பது எங்கள் பேத்தாலஜி டாக்டர். மயிலாப்பூர்க்காரர். தினமும் ஆறு மணிக்கு வந்து, எல்லாவற்றையும் பார்த்து, கையெழுத்துப் போடுவார். சர்க்கரை, ஹீமோகுளோபின் மாதிரி அவசரத்துக்கென்று கையெழுத்துப் போட்ட வெறும் தாள்கள் கொஞ்சம் என் மேஜையில் இருக்கும். அது தப்பு என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நாலு மணிக்கு மாமியார் வந்து நின்றார். தனியாக.

“என்ன அண்ணாச்சி, ஆயிட்டா?”

ரிஜிஸ்டரைத் திறந்தேன். அந்தப் பெண்ணின் எண்ணுக்கு நேரே ஒரு கூட்டல் குறி. அதற்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி.

இங்கே நான் நிதானமாக எழுத வேண்டும். சீட்டின் அடியில் இருந்த ஆங்கிலம் எனக்குப் புரியவில்லை, அது படிக்காதவன் குறை என்று விட்டுவிடலாம். கேள்விக்குறிக்கு என்ன படிப்பு வேண்டும்? மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். நான் அதைப் பார்த்தேன். பார்த்தேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அதன் புள்ளி மை கசிந்து கொஞ்சம் பெரிதாக இருந்தது. பெஞ்சில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். “ஆறு மணிக்கு வாங்க, இன்னும் ஆகல” என்று அவர்கள் முன்னால் என் வாயால் சொல்ல வேண்டும். கூட்டல் என்றால் பாசிட்டிவ்தானே என்று நினைத்தேன். கையெழுத்துப் போட்ட தாளைச் செருகி, பாசிட்டிவ் என்று அச்செடுத்துக் கொடுத்தேன்.

“எனக்கு எழுத்து வாசனையே கெடையாது. என்ன போட்டிருக்கு, சொல்லுங்க” என்றார் மாமியார்.

“கிளமிடியா. இருக்குன்னு வந்துகீது.”

“அது என்னது, குழந்தை நிக்காத நோயா?”

படிக்காதவனுக்கு ஒரு வியாதி உண்டு. தெரிந்த ஒன்றைக் கேட்டுவிட்டால் முழுக்கக் கொட்டிவிட வேண்டும். “குழந்தைக்குத் தடையாவும் ஆகும்மா. அது ஆம்பள பொம்பள சேர்க்கையில தொத்தறது” என்றேன்.

அவர் குரல் இறங்கிவிட்டது. “எம் மவனுக்கு அந்த மாதிரிப் பழக்கம் ஒண்ணும் கெடையாது அண்ணாச்சி. கடை உண்டு, வீடு உண்டுன்னு கெடக்கான்.”

“அப்போ வீட்ல விசாரிச்சுப் பாருங்க” என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. நான்கே வார்த்தை. அந்த நேரத்தில் பெரிய மனிதன் பேசுகிற மாதிரி எனக்கே இருந்தது. அவர் தாளை நான்காக மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

டெக்னீஷியன் திரும்பி வந்து ரிஜிஸ்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “சார், குடுத்துட்டியா? ஐயோ, கேள்விக்குறி போட்டிருந்தேனே!” என்றாள். அந்தப் பதற்றத்தில் என்னை ஒருமையில் கூப்பிட்டதை அவளும் கவனிக்கவில்லை. கம்பியிலிருந்து சீட்டை உருவி, அடியிலிருந்த இரண்டு வரியைச் சத்தமாகத் தமிழில் சொன்னாள். பாசிட்டிவ் வந்தால் இரண்டாவது குழாயை வேறு முறையில் சோதித்து உறுதி செய்த பிறகே ரிப்போர்ட் கொடுக்கவும். நோயாளியிடம் மட்டும் கொடுக்கவும்.

“நீ இதைப் படிக்கலையா சார்?” என்று கேட்டாள்.

“படிச்சேன். மறந்துட்டேன்” என்றேன். அன்றைக்கு அதுவும் ஒரு பொய்.

ஆறு மணிக்கு வந்த மேடம் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்காரவே இல்லை. “இதை வெச்சுண்டு நான் உண்டுன்னும் சொல்லமாட்டேன், இல்லேன்னும் சொல்லமாட்டேன். என் கையெழுத்துல நீங்க சொல்லிட்டேள்” என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “இருங்கோ. பாசிட்டிவ்வாவே இருக்கட்டும். அதை அவகிட்டன்னா சொல்லணும்? புருஷனும் பொண்டாட்டியுமா மாத்திரை சாப்பிட்டா தீர்ந்துபோற சமாச்சாரம். எப்போ வந்தது, யார்கிட்டேர்ந்து வந்ததுன்னு எந்த டெஸ்ட்டும் சொல்லாது. அதுக்கு நீங்க அந்த மாமிகிட்ட விசாரணைக் கமிஷன் வெக்கச் சொல்லியிருக்கேள்.”

மேஜையில் இருந்த வெறும் தாள்களை எல்லாம் எடுத்து, என் எதிரிலேயே கிழித்துக் கூடையில் போட்டார். இரண்டாவது குழாய் அன்றைக்கே கிண்டிப் பக்கம் இருக்கிற பெரிய லேபுக்குப் போயிற்று. முடிவு வர இரண்டு நாள் என்றார்கள்.

மறுநாள் காலை லேப் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன்.

“நேத்து என் பேர்ல ஒரு ரிப்போர்ட் குடுத்தீங்களாம். அதை நான் இன்னும் பாக்கலை. எங்க அத்தைகிட்ட இருக்கு. அதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்ல முடியுமா?”

அந்தப் பெண்தான். குரல் அடைத்திருந்தது. பின்னால் அலைச் சத்தமா, காற்றா தெரியவில்லை, இரைச்சலாக இருந்தது. பாலவாக்கத்தில் அம்மா வீட்டில் இருப்பதாகச் சொன்னாள். ராத்திரியே கொண்டுவந்து விட்டுவிட்டார்களாம். கணவன் ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

நான் பாசிட்டிவ் என்று சொன்னேன். பிறகு அவசரமாக, “இன்னும் உறுதி ஆகலம்மா, ரெண்டு நாள்ல இன்னொரு ரிப்போர்ட் வரும்” என்றேன்.

“அப்போ எங்க அத்தை கையில இருக்கறது என்ன?” என்று கேட்டாள்.

எந்தச் சண்டைக்காரனையும் பேசியே அடக்குகிற நான் அன்றைக்குப் போனை டெக்னீஷியனிடம் நீட்டிவிட்டு, கைகழுவப் போகிறவன் மாதிரி உள்ளே போய்விட்டேன்.

இனி எழுதப்போவதை என் வீட்டில்கூட நான் சொன்னதில்லை. அந்த இரண்டு நாளில் ஒரு சாயங்காலம் வடபழனி முருகன் கோயிலுக்குப் போனேன். கல்யாணக் கூட்டம், நாதஸ்வரம், மாலையும் கழுத்துமாக இரண்டு ஜோடிகள். நெரிசலில் ஒதுங்கி நின்று கைகூப்பினேன். என் மனசு கேட்டது என்ன தெரியுமா? பாசிட்டிவ்வாகவே வரட்டும் முருகா என்று கேட்டது. பாசிட்டிவ் என்றால் என் ரிப்போர்ட் சரி. என் லேப் சரி. நான் நாலு மணிக்குக் கொடுத்தது சரி. எனக்கு ஒரு கெடுதலும் செய்யாத பெண்ணுக்கு நோய் இருக்க வேண்டும் என்று, முகம் தெரிந்த பெண்ணுக்கு, சாமி சந்நிதியில் நின்று வேண்டிக்கொண்டவன் நான். பக்கத்தில் ஒரு மணப்பெண் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தாள். திருநீறு வாங்காமல் வெளியே வந்துவிட்டேன்.

நெகட்டிவ் என்று வந்தது. பெரிய லேபில் இருமுறை ஓட்டிப் பார்த்து, இரண்டு முறையும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். எங்கள் கார்டில் தெரிந்தது வெறும் நிழல்.

மேடம் தபாலில் அனுப்ப விடவில்லை, டெக்னீஷியனை அனுப்பவும் விடவில்லை. “நீங்க போங்கோ. அவ கையில குடுங்கோ” என்றார். மகப்பேறு டாக்டரம்மாவுக்கு அவரே போன் செய்து நடந்ததைச் சொல்லிவிட்டார். அந்த அம்மா அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரு சீட்டும் எழுதவில்லை. எழுதாதது நியாயம்.

பாலவாக்கத்தில் கடலுக்குப் போகிற தெரு ஒன்றில் மாடி வீடு. அந்தப் பெண்ணின் அம்மா கதவைத் திறந்து, யார் என்று தெரிந்ததும் வழிவிடாமல் நின்றார். உள்ளேயிருந்து “விடும்மா” என்று குரல் வந்தது. கவரை அவள் கையில் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள். சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. அவள் தாளை மேஜைமேல் வைத்து, பறக்காமலிருக்க டம்ளரைத் தூக்கி மேலே வைத்தாள்.

“நான் இப்பவே தி.நகருக்குப் போய் உங்க மாமியார்கிட்டச் சொல்றேன்மா. டெஸ்ட் தப்பா வந்துடுச்சுன்னு சொல்லிடறேன்” என்றேன்.

“டெஸ்ட் தப்புன்னு சொல்வீங்க. டெஸ்ட் சரியா இருந்திருந்தா அவங்க என்னை அப்படிக் கேட்டதும் சரின்னுதானே ஆகும்?”

டம்ளருக்கு அடியில் இருந்த தாளையே பார்த்தேன்.

“ஒண்ணு கேக்கறேன் சார். இது பாசிட்டிவ்னு வந்திருந்தா நீங்க இங்க வந்திருப்பீங்களா?”

கோயிலில் நின்றது அப்படியே கண்ணுக்குள் வந்தது. “வந்திருக்க மாட்டேன்” என்றேன். இந்த விஷயத்தில் என்னைக் காப்பாற்றிக்கொள்ளாமல் நான் அவளிடம் சொன்ன முதல் உண்மை அது.

அவள் முகம் கொஞ்சம் மாறிற்று. கோபம் குறைந்தது என்று சொல்ல மாட்டேன். என்னை ஒரு ஆளாகப் பார்த்தாள், அவ்வளவுதான். உள்ளே போய் ஒரு நோட்டிலிருந்து தாள் கிழித்துக்கொண்டு வந்தாள். “என்ன நடந்துதுன்னு எழுதிக் குடுங்க. கம்ப்யூட்டர்ல வேணாம், உங்க கையால. தமிழ்லயே எழுதுங்க. நோய் பேர், என் பேர் எதுவும் வேணாம்.”

நான் கையெழுத்துப் போடுவேன், பெயர் எழுதுவேன், எண் எழுதுவேன். முழு வாக்கியமாக நான் கடைசியாக எழுதியது பள்ளிக்கூடத்தில். முட்டியில் ஒரு பத்திரிகையை வைத்து, அதன் மேல் தாளை வைத்து எழுதினேன். எழுத்துக்கள் ஒவ்வொன்றும் கோலிக்குண்டு அளவு வந்தன. அவள் அம்மா மின்விசிறியை எனக்காகக் கொஞ்சம் குறைத்து வைத்தார், தாள் படபடக்கிறது என்று.

முதலில், தெரியாமல் நடந்துவிட்டது என்று எழுதினேன். அவள் வாங்கிப் படித்துவிட்டு, “தெரியாமலா?” என்றாள். வேறு தாள் கிழித்துக் கொடுத்தாள். இரண்டாவது தாளில் எழுதினது எனக்கு மனப்பாடம்.

ரிஜிஸ்டரில் கேள்விக்குறி இருந்தது. நான் பார்த்தேன். டாக்டர் எழுதியிருந்த வரியை எனக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்தவனிடம் கேட்கவும் இல்லை. உறுதி செய்யாமல் கொடுத்தேன். வீட்டில் விசாரியுங்கள் என்று சொன்னது நான். அந்தப் பெண்ணுக்கு அந்த நோய் இல்லை. இருந்திருந்தாலும் அதை வைத்து யார்மேலும் பழி சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார்.

கீழே கையெழுத்துப் போட்டேன். டாக்டர் கிறுக்கல் எல்லாம் படிக்கிறவன் என்று பேர் வாங்கினவன், படிக்கத் தெரியாது என்று எழுதிய தாளில் என் பெயர்.

பத்து நாள் கழித்து, காலையில் கூட்டம் நிறைந்திருந்த நேரம், மாமியார் வந்தார். வரிசையில் நிற்காமல் நேரே மேஜைக்கு வந்து, மடித்த தாளை என் முன்னால் வைத்தார். என் கோலிக்குண்டு எழுத்து.

“இது உங்க கைப்பட எழுதினதா அண்ணாச்சி?”

“ஆமாம்மா.”

“அவ நேத்து வந்து எங்கிட்ட நேராக் குடுத்தா. உங்க மவன்ட்ட குடுக்கல, உங்ககிட்டத்தான் குடுக்கேன்னா. ‘நீங்க போயி அவர வாசிக்கச் சொல்லிக் கேளுங்க, அவர்தான முதல்ல உங்களுக்கு வாசிச்சுச் சொன்னாரு’ன்னுட்டுப் போயிட்டா. வாசிங்க.”

“உள்ள வாங்கம்மா, உக்காந்து...”

“அன்னைக்கு இங்கன வச்சுத்தான வாசிச்சிய?”

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். டெக்னீஷியன் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அந்தப் பெண்ணின் வீட்டு விஷயம் நாலு பேருக்குத் தெரியக்கூடாதே என்று குரலைத் தணித்தேன். நோயின் பெயர் அந்தத் தாளில் இல்லை, அந்தப் பெண்ணின் பெயரும் இல்லை. அவள் அதை யோசித்துத்தான் என்னை எழுத வைத்திருக்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது. அதில் கெட்ட பேர் இருந்தது ஒரே ஆளுக்குத்தான். ஆகவே குரலை உயர்த்தினேன். படிக்கத் தெரியாது என்ற வரியையும் விழுங்கவில்லை. நிறுத்தாமல் கடைசி வரை வாசித்தேன்.

மாமியார் கண்ணை என் வாயிலேயே வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அன்னைக்கு நீங்க சொன்னதக் கேட்டுட்டுப் போயி நான் அந்தப் பிள்ளையப் பாத்து ஒரு வார்த்தை கேட்டேன் அண்ணாச்சி. என்ன வார்த்தைன்னு உங்ககிட்டச் சொல்லமாட்டேன். அத என்ன செய்ய?”

“தெரியலம்மா” என்றேன்.

“திரும்ப எங்க வீட்டுக்கே வந்திருவாளான்னு கேட்டேன். யோசிக்கணும்னுட்டா. உங்க மவன் வந்து பேசட்டும்னுட்டா. அவன் இருந்த எடத்த விட்டு எந்திரிக்கவே மாட்டேங்கான்.”

“நான் வந்து பேசட்டுமாம்மா?”

“போதும், நீங்க பேசினது” என்றார். அதில் கோபம்கூட இல்லை.

தாளை எடுத்து, பழைய மடிப்பிலேயே மடித்து, பர்சுக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். வாசல் வரை போனவர் திரும்பினார்.

“எழுத்து நல்லாப் பெருசாத்தான் போட்டிருக்கிய. எம் மவன் கண்ணாடி இல்லாமயே வாசிச்சிருவான்.”

படியிறங்கி, தி.நகர்ப் பக்கம் போகிற ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார். பெஞ்சில் அடுத்த ஆள் எழுந்து வந்து என்னிடம் சீட்டை நீட்டினார். மேலே சர்க்கரை, அந்த முகம் தெரிந்தது. அடியில் ஒரு வரி ஏதோ இருந்தது. அத்தனை பேர் முன்னாலும் அதை டெக்னீஷியனிடம் நீட்டி, “கீழ இன்னா எழுதிகீதும்மா, படிச்சுச் சொல்லு” என்றேன்.